அமைச்சருக்கு ஒரு உப்பு மத்தி

ரோமப் பேரரசு ஏன் விழுந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லாம் தவறு. ரோமர்கள் மலையைக் குடைந்து ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆனால் 'உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா?' என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கிற அரசு எப்படி நிலைக்கும்? எங்கள் சிசிலி அரசு அந்தத் தவற்றைச் செய்யாது. கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேட்பதற்கென்றே பலேர்மோவில் 'நீர் விருப்ப எழுச்சி இயக்ககம்' இயங்குகிறது. கல்லூரிக் கோடை விடுமுறையில் நான் அங்கே உதவியாளன். இயக்குநர் ஸ்பரசினோ. எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஊர் மோந்தாஸ்ப்ரோ: மலை உச்சியில் சில தெருக்கள், ஒரு கோயில், ஒரு சதுக்கம், ஒவ்வொரு மொட்டை மாடியிலும் நீலத் தொட்டி, தொட்டிக்குள் பல்லி. அணையிலிருந்து புறப்பட்ட பெருங்குழாய் ஊர் எல்லை வரை ஏறி வந்து நின்றுவிட்டது. அதன் வாயில் ஓர் இரும்பு மூடி. மூடிக்குப் பின்னால் தண்ணீர். மூடிக்கு மேலே ஒரு பலகை: 'மக்கள் ஆதரவு முழுமையடைந்ததும் திறக்கப்படும்.'

பலகைக்கு எதிரே அகதினாவின் ஆட்டுப்பட்டி. லாரித் தண்ணீர் வருவதாகச் சொல்லி வராமல் போய், தொட்டி காய்ந்து, ஆடுகள் கல்லை நக்கிக்கொண்டிருந்தன. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கசாப்புக்காரன் வந்து மொத்தமாக ஓட்டிப்போவதாக ஏற்பாடு.

"தம்பி, அந்த மூடியத் தெறக்க யாரு வரணும்?" என்று அகதினா என்னைக் கேட்டார்.

யாரும் வர வேண்டாம், ஆதரவு வந்தால் போதும் என்றேன்.

"நான் ஆதரிக்கிறேன். என் ஆடும் ஆதரிக்குது. தெற."

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "அது தேவைம்மா. தேவை வேற, ஆதரவு வேற. தேவை தானா வந்துரும். ஆதரவ நாங்கதான் உண்டாக்கணும்."

உண்டாக்கினோம். 'நீரும் நாமும்' கருத்தரங்கு நடத்தினோம். உச்சி வெயிலில் 'தண்ணீருக்காக ஓடுவோம்' ஓட்டம் நடத்தினோம். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரவழைத்த பாட்டில் நீரைச் சுவைத்துக் கருத்துச் சொல்லும் விழாவுக்கு ஊரே திரண்டது. கருத்தை விட்டுவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு கலைந்தது. அகதினா தன் பங்கை ஆட்டுத் தொட்டியில் ஊற்றினார். ஆதரவு இருக்கிறது, 'நெகிழ்ச்சி' இல்லை என்று இயக்குநர் கவலைப்பட்டார்.

நெகிழ்ச்சிக்காக நீர்வள அமைச்சரின் ஆளுயர அட்டை உருவம் ஒன்று வந்து சேர்ந்தது. புன்னகை, கழுத்துப்பட்டை, கையில் தண்ணீர் ததும்பும் ஒரு டம்ளர். அதைச் சதுக்கத்தில் நட்டு இயக்குநர் உருக்கமாக வேண்டிக்கொண்டார்: "உங்க ஊர் சாமிய எப்படி நடத்துவீங்களோ, அப்படியே இவரையும் நடத்துங்க."

அரசு சொன்னதை இம்முறை மோந்தாஸ்ப்ரோ அப்படியே நிறைவேற்றியது.

அங்கே மழைக்குப் பொறுப்பு புனித வீத்தோ. மழை பொய்த்தால் அவரைப் பீடத்திலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்துவார்கள். அப்போதும் பெய்யாவிட்டால் சிலையின் வாயில் உப்பில் ஊறிய மத்தி மீன் ஒன்றைச் செருகுவார்கள். தாகம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியட்டுமே. அந்த வருடம் புனிதர் ஏற்கெனவே சதுக்கத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தார். மறுநாள் போனபோது அட்டை அமைச்சரும் அவர் பக்கத்தில் நின்றார். அமைச்சர் வாயிலும் ஒரு மத்தி.

இது என்ன என்று இயக்குநர் கேட்டார். கோயில் பணியாள் சாரோ தொப்பியைக் கழற்றினார். "இது சாமிக்கு மட்டும் செய்யறதுங்க. மனுஷனுக்குச் செய்யறது இதான் மொதத் தடவ."

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. என் அம்மா அந்தப் பக்கத்துக்காரி. வழக்கத்தின் பொருள் எனக்குத் தெரியும். ஆனால் உதவியாளனின் வேலை உதவுவது, விளக்குவது அல்ல. படம் பலேர்மோவுக்குப் போனது. அந்த மரியாதையை நேரில் ஏற்றுக்கொள்வதாக அமைச்சரிடமிருந்து பதில் வந்தது.

கசாப்புக்காரன் வரவிருந்த ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை நண்பகலில் அமைச்சர் வந்தார். பேண்டு வாசித்தது. குளிர்ந்த பாட்டில்கள் இருந்த அவர் காரை நிழலில் நிறுத்தவென்று ஊர்க்காரர்கள் மலையடிவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அமைச்சரைப் புனிதருக்கும் தன் அட்டைக்கும் நடுவே, கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவிடாமல் வெயிலில் நிறுத்தினார்கள். அகதினா கோயில் வெள்ளித் தட்டில் மத்தி கொண்டுவந்தார். முதல் மீனை அமைச்சர் தின்று பாராட்டினார். இரண்டாவதை மறுத்தால் ஊரை அவமதித்ததாகும் என்று சாரோ காதில் சொன்னார். மூன்றாவதற்குப் பிறகு அமைச்சரின் உதடு வெளுத்துவிட்டது.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"உங்களுக்கு வேணும்னா மட்டும் போதுங்களா ஐயா?" என்றார் அகதினா. "அது தேவை. ஆதரவு இருக்கான்னு பாக்கணும்ல?"

உடனே கருத்தரங்கு கூடியது. முடிதிருத்துபவர் 'அமைச்சரும் நீரும்' என்ற பொருளில் விரிவாகப் பேசினார். ஓர் ஓட்டமும் வைக்கலாம் என்று பின்னாலிருந்து ஒருவர் முன்மொழிய, அமைச்சர் ஓடியே காட்ட வேண்டும் என்று இன்னொருவர் வழிமொழிந்தார். அமைச்சர் தன் அட்டை உருவத்தின் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பரசினோ," என்றார் கடைசியில், "அந்த மூடியத் தெறய்யா."

"ஐயா, ஆதரவு இன்னும் முழுசா..."

"தெறங்கிறேன்."

எல்லோரும் ஊர் எல்லைக்கு இறங்கிப் போனோம். திறந்தது. மூடியில் ஒரு சக்கரம், இயக்குநர் ஒற்றைக் கையால் திருகினார். அது முனகக்கூட இல்லை. தண்ணீர் சீறி வந்து பக்கத்திலிருந்த ஆட்டுத் தொட்டியில் விழுந்தது. ஆடுகள் பாய்ந்தன. அவற்றுக்கு நடுவே அமைச்சர் மண்டியிட்டார்.

"அந்தக் கொம்புக்காரிகிட்டேருந்து தள்ளிக் குடிங்க," என்றார் அகதினா. "முட்டும்."

ஊர்க்காரர்கள் வாளியோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் மூடுகிற தைரியம் யாருக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கசாப்புக்காரன் ஆட்டுப்பால் சீஸ் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

மக்கள் ஆதரவு உச்சத்தைத் தொட்டதால் மூடி திறக்கப்பட்டது என்று இயக்குநர் அறிக்கை எழுதினார். அதில் ஒரு சிறு திருத்தம் மட்டும் உதவியாளன் பணிவோடு சமர்ப்பிக்கிறேன். ஓர் ஊர் முழுக்க வருடக்கணக்கில் தாகமாயிருந்தது, மூடி அசையவில்லை. ஒரே ஓர் ஆளுக்கு மூன்று மீன் தின்கிற நேரம் தாகம் எடுத்தது, திறந்துவிட்டது. மோந்தாஸ்ப்ரோவில் ஆதரவுக்கு என்றுமே பஞ்சமில்லை. சக்கரத்தைத் திருக வேண்டியவர்களில் ஒருவருக்குக்கூட அதுவரை தொண்டை காய்ந்ததில்லை, அவ்வளவுதான்.