நாற்பத்திரண்டு சதுரங்களும் ஒரு சீப்புப் பழமும்

எனக்கு எதையும் ஆரம்பிக்க வரும். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின நாள் விட்டேன். கொல்லத்தில் முந்திரி ஆலையில் கை வெந்தது; புண் ஆறியதும் ஆலையை விட்டேன். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டவும் பழகி, லைசென்ஸ் எடுக்கப் போகும் வழியில் இறங்கிக்கொண்டேன். (ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது மறந்துவிட்டது.)

ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் ஓர் அம்மாவின் கடையில் இரண்டு வருடம் நின்றேன். கூட்டமில்லாத நேரங்களில் எனக்கு இரண்டு ஊசியைக் கொடுத்துப் பின்னல் கற்றுக்கொடுத்தார். "கடைசி வரியை அவிழாமப் பூட்டணும். அது நாளைக்கு" என்றார். நாளைக்கு நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இருந்தேன்.

கடைசியில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் ரூம் பாயாக ஒதுங்கினேன். பாய்க்கு வயது முப்பத்தொன்று. தென்காசியில் இருந்த என் அக்கா விடாமல் பெண் தேடி, சுரண்டையில் தையல் கடை வைத்திருந்த முத்துச்செல்வியைக் கண்டுபிடித்தாள். முத்துச்செல்வியின் அப்பா என் வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "வேலை சின்னதா பெருசாங்கது கெடக்கட்டும் தாயி. பையன் ஆரம்பிச்ச எதையாவது முடிச்சிருக்கானா?"

அக்கா நேரே லாட்ஜுக்கு வந்துவிட்டாள்.

"ஏல, யோசிச்சுச் சொல்லு. ஏதாவது ஒண்ணு?"

யோசித்தேன். "சாப்பாடு" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

"இந்த சீசன் போறதுக்குள்ள ஒண்ணையாவது முழுசா முடிச்சுக் காட்டு. இல்லன்னா இந்தப் பொண்ணும் கிடையாது, உனக்கு அக்காளும் கிடையாது."

கைவசம் இருந்த வித்தை பின்னல்தான். விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன குரங்குக் குல்லாக்களும் மஃப்ளர்களும் சாமான் அறையில் வருடக்கணக்காகக் கிடந்தன. மேனேஜரிடம் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் பிரித்து உருண்டை உருண்டையாகச் சுற்றினேன். ஒரு சாண் சதுரங்களாகப் பின்னி, இணைத்து, ஒரு போர்வை ஆக்குவது திட்டம்.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தேன். வெளியே சாரல். ஊசியில் முப்பது கண்ணி ஏறிவிட்டால் எழுந்து பஸ் ஏற முடியாது, எண்ணிக்கை போய்விடும். பிறந்ததிலிருந்து முதன்முறையாக என் கால்கள் சும்மா இருந்தன. கிளிப்பச்சையையும் குங்குமச் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் சண்டை போட்டன. நடுவில் மாம்பழ மஞ்சள் வந்ததும் சமாதானமாகிவிட்டன. ஏழாம் நம்பர் அறையில் வெந்நீர் கேட்டுக் கத்துவார்கள். "இந்த வரி முடியட்டும் சார்" என்று நானும் கத்துவேன்.

பூட்டத் தெரியாத கடைசி வரிகளில் சாதாரணத் தையல் நூலைக் கோத்துச் சமாளித்தேன். கம்பளி நூலை வெட்டவும் மனமில்லை. ஒரு சதுரம் முடிகிற நூலை அடுத்த சதுரம் தொடங்கும் நூலோடு கட்டிக்கொண்டே போனேன். ஆக, நாற்பத்திரண்டு சதுரமும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே நூல். (இந்தக் கண்டுபிடிப்பை அக்கா வீட்டு அத்தானுக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன்.) முடித்த அன்று அதைக் கட்டிலில் விரித்துவிட்டு, எனக்கே மரியாதை வந்து, தரையில் படுத்தேன்.

பெண் வீட்டார் ஐந்தருவியில் குளித்துவிட்டு 'சும்மா அப்படியே வருவதுபோல' லாட்ஜுக்கு வருவதாக ஏற்பாடு. மொட்டைமாடியில் மேசை போட்டு, அதன்மேல் போர்வையை விரித்து, அக்கா தாம்பூலத் தட்டை வைத்தாள். வெற்றிலை, பூ, ஒரு சீப்புக் கோழிக்கூடு வாழைப்பழம். குற்றாலத்தில் வெட்டவெளியில் பழம் வைக்கக் கூடாது என்பது நேற்று வந்திறங்கியவனுக்கும் தெரியும். எனக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

"நாப்பத்திரண்டு சதுரம் அண்ணாச்சி. இவனே ஆரம்பிச்சு, இவனே முடிச்சது" என்றாள் அக்கா.

பெண்ணின் அப்பாவான பெரியவர் போர்வையைத் தடவிப் பார்த்தார். "பரவால்லையே" என்றார். நான் மனதுக்குள் பந்தல்கால் நட்டேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து குரங்கு குதித்தது. பழச் சீப்பை அள்ளியது. பழத்தோடு போர்வையின் மூலையும் அதன் கையில் வந்தது. அத்தான் மறுமுனையைப் பாய்ந்து பிடித்தார்.

"விட்ராதீய அத்தான்!" என்று அலறினேன். ('விடுங்க' என்று அலறியிருக்க வேண்டும்.)

தையல் நூல் பட்டென்று அறுந்தது. குரங்கு பலாமரத்துக்குத் தாவியது, காலில் கம்பளி நூலின் நுனியோடு. பழத்துக்காக இன்னும் நாலு குரங்குகள் அதைத் துரத்த, அது கிளைக்குக் கிளை ஓட, சிவப்புச் சதுரம் வரிவரியாகக் கரைந்தது. பிறகு மஞ்சள். பிறகு பச்சை. அத்தானின் கையில் போர்வை துண்டாகி, கைக்குட்டையாகிக் கொண்டிருந்தது.

"மாப்ள, அது தன்னோட குல்லாவத் திருப்பி எடுத்துட்டுப் போவுது" என்றார் அத்தான்.

அப்பாவின் பின்னால் நின்ற முத்துச்செல்வி கைப்பையிலிருந்து நூல்வெட்டியை எடுத்துக் கடக்கென்று வெட்டினாள். மிச்சம் ஒன்பது சதுரம்.

"நாப்பத்திரண்டுன்னு சொன்னீயளே" என்றார் பெரியவர். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முத்துச்செல்வி அவிழ்ந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "கடைசி வரியப் பூட்டவே இல்லையே?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அதச் சொல்லித் தரதுக்கு முன்னாடி கெளம்பி வந்துட்டேன்."

"பள்ளிக்கூடம்?"

"பரீட்சைக்கு முந்தின நாள்."

"வேற?"

"லாரி லைசென்சு. பாதி வழியில."

அவள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கே தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "அப்போ கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கன இருப்பீய?"

"சுரண்டையிலயே வந்து படுத்துக்கிடுதேன். உங்கப்பாவக் காவலுக்குப் போடுங்க."

பெரியவர் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தார். கிளை முழுக்க நூல், ஏழெட்டு நிறத்தில். "நான் எதுக்கு? அந்தக் குரங்கக் காவலுக்குப் போடுவோம். ஆரம்பிச்சா ஒரே மூச்சுல முடிக்கில்லா!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். நூலை மரத்திலிருந்து இறக்க இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் இரண்டு வருடம் நின்றும் கற்காததை முத்துச்செல்வி செல்போனில் வீடியோ பார்த்துப் பத்து நிமிடத்தில் கற்றாள். போர்வை இப்போது எங்கள் கட்டிலில், நாற்பத்திரண்டு சதுரத்தோடு இருக்கிறது. நான் பின்னினேன், அவள் பூட்டினாள்.

ஆனால் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. நான் எதையாவது பாதியில் போட்டால் வீட்டில் யாரும் திட்டுவதில்லை. குரங்கு வந்து முடிக்கட்டும் என்று அதன்மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிடுவார்கள். பாதி வெள்ளையடித்த சுவரின் ஏணியில் வைத்திருக்கிறார்கள், கழற்றிப் போட்ட மிக்சியில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையையும் நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தாளின்மேல் ஒரு பழம். உரித்துத் தின்றுகொண்டேதான் இந்தக் கடைசி வரியைப் பூட்டுகிறேன்.