சவுனாவுக்குத் தொடுதிரை பூட்டிய படலம்

வாழ்க, ஈயப்புகை கமழும் திருமேனியன்! வாழ்க, கம்பியின் தோலைப் பல்லால் உரிக்கும் வாள்எயிற்று வேந்தன்! மூக்குக்கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி பூண்ட நால்விழிக் கோமான், பனி கொட்டும் வடதேசத்து ஹான்காக் ஊரின் மேட்டுத்தெருவைத் தன் நிலவறையில் வீற்றிருந்து ஆளும் ஆர்வோ ஹெய்க்கினென் வாழ்க! வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சும்மா இருக்கத் தெரியாத பெருவரம் பெற்றவன். கெட்டுப்போகாத பொருளைப் பழுதுபார்ப்பதில் ஈரேழு உலகத்திலும் தனக்கு நிகர் இல்லாதவன். மின்பலகைகளைக் காக்கும் தெய்வம் ஒன்று உண்டானால், அதை இங்கே கைகூப்பி அழைக்கிறேன். ஆனால் அது இந்தக் கதை நெடுகிலும் அவன் இருந்த திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவ்வீரன் வீட்டுக் கொல்லையில், தேவதாரு மணக்கும் சவுனா என்னும் வேர்வைக் குளியலறை ஒன்று இருந்தது. அதன் மின்னடுப்புக்கு ஒரு குமிழ். வலப்பக்கம் திருகினால் சூடு வரும், இடப்பக்கம் திருகினால் நிற்கும். மாமனார் காலத்திலிருந்து ஒருநாளும் மக்கர் பண்ணாத குமிழ். இப்படி ஒன்றைக் கண்டால் வீரனுக்குக் கை அரிக்காதா? பிடுங்கினான். பிடுங்கிய இடத்தில், மைக்ரோகன்ட்ரோலர் என்னும் கட்டைவிரல் அகலக் குட்டிக் கணினிப் பலகை ஒன்றையும் உள்ளங்கை அகலத் தொடுதிரை ஒன்றையும் பதித்து, திரையில் எழுதிய ‘சூடு’ என்னும் சொல்லை விரல் தீண்டிய மாத்திரத்தில் பலகை அதை உணர்ந்து அடுப்பை மூட்டுமாறு நிரல் எழுதுவேன் என்று நோன்பு பூண்டான். குளிக்கப் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். அவனிடமும் யாரும் கேட்கவில்லை.

இனி, எதை வைத்துப் போர் நடந்தது என்று கேளுங்கள். வீரன் மனைவி லோரெய்ன். அவள் அடுப்பங்கரை நடையில் மான்கறி நிறைந்த ஃப்ரீசர் ஒன்று, போக வர வழிமறித்துக் கிடந்தது. அதை நிலவறைக்கு இறக்கலாம் என்றால், அங்கே ஆர்வோவின் மேசை: பிடுங்கிய ரேடியோக்களும் அறுந்த கம்பிகளும் ஆறிப்போன காபிக் கோப்பைகளும் மலையெனக் குவிந்த, அவனுக்கு இந்தப் பூமியில் இருந்த ஒரே சாம்ராஜ்யம். குமிழ் போன செய்தி எட்டியதும் அவள் படியிறங்கி வந்து பிரகடனம் செய்தாள்.

“இந்தா பாரு ஆர்வோ. சனிக்கிழமை சாயங்காலம் எங்கண்ணனும் டெலோரஸும் சவுனாவுக்கு வர்றாங்க. அதுக்குள்ள சூடு வந்துச்சா, நீயாச்சு, உன் மேசையாச்சு, நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலையா, இந்தக் குப்பையெல்லாம் அட்டைப்பெட்டிக்குப் போவுது, ஃப்ரீசர் இங்க வருது. இடிச்சு இடிச்சு இடுப்பே கன்னிப்போச்சு எனக்கு.”

“ஒரு மணி நேர வேலை!” என்று முழங்கினான் வீரன். மின்பலகை பிடித்த ஆடவர் தம் மனைவியரிடம் சொல்லும் பொய்களில் இதற்கு மேல் ஒன்று இன்னும் பிறக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. சவுனாவின் உடைமாற்றும் அறையில் மடிக்கணினியை மடியிலேந்தி வீரன் களம் புகுந்தான். திரையோ, முகம் வெளுத்து, ஒரு புள்ளியும் காட்டாது, ஊமைக்கோட்டான் போல நின்றது. காரணம் எளிது. பலகைக்கும் திரைக்கும் ஆளுக்கு இரண்டு முனை: ஒன்று சொல்ல, ஒன்று கேட்க. ஒன்றின் சொல்முனை மற்றதன் கேள்முனைக்குப் போக வேண்டும். நம் மாவீரனோ சொல்முனையோடு சொல்முனையையும் கேள்முனையோடு கேள்முனையையும் பூட்டிவிட்டான். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி இரண்டும் பேசிக்கொண்டேயிருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. கையேட்டின் முதற் பக்கத்திலேயே படம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தின் மேல் அவன் காபிக் கோப்பையை வைத்திருந்தான்.

திரை செய்தவனைத் திட்டினான். குளிரைத் திட்டினான். லோரெய்னின் துணி துவைக்கும் இயந்திரம் மின்சாரத்தைக் கலக்குகிறது என்று குற்றம் சாட்டி, அதை நிறுத்தச் சொல்லி ஆளனுப்ப ஆளில்லாமல் தானே போய்ச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான். இணையத்தில் தன்னையொத்த வீரர்கள் கூடும் மன்றத்தில் ஓலமிட்டான். அங்கிருந்து வந்த மறுமொழி: “கையேட்டப் படிச்சியாப்பா?” தன் குலத்தையே இழித்ததாகக் கொதித்து, ‘நிரல் எழுதத் தெரிந்தவனுக்குக் கையேடு எதற்கு’ என்று பதிலெழுதினான். அட, என்ன வாய்!

அந்தப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. நிரலை வாங்கிக்கொள்வதும் திரையோடு பேசுவதும் அதே இரு முனைகளால்தான். ஆகவே நிரலில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் திரையின் கம்பிகளைப் பிடுங்கி, நிரலை ஏற்றி, மறுபடி செருக வேண்டும். அந்த இரண்டு கம்பிகளும் கறுப்பு. நிறம் பார்த்துக் கம்பி எடுப்பது கோழைகளின் வேலை என்பது ஆர்வோவின் கொள்கை. இவ்வாறு பிடுங்கியும் ஏற்றியும் செருகியும் அவன் விரல் நொந்து, சாயங்காலமும் ஆன வேளையில், கைதவறி இரண்டும் இடம் மாறிச் செருகப்பட்டன. திரை பளிச்சென்று ஒளிர்ந்தது! மேலே ‘சூடு’, கீழே ‘நிறுத்து’ என்று எழுத்துகள் தோன்றின. தான் கடைசியாகத் திருத்திய நிரல் வரிதான் வென்றது என்று எண்ணி அவன் மார்தட்டினான். அந்த வரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்நேரம் லோரெய்னின் அண்ணன் ரேமண்டும் அவன் மனைவி டெலோரஸும் துண்டைச் சுற்றிக்கொண்டு, பனியில் செருப்போடு ஓடிவந்து உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார்கள். பின்னாலேயே லோரெய்ன். அவையோர் காண, வீரன் சுட்டுவிரலை வானோக்கி உயர்த்தி, ‘சூடு’ என்னும் சொல்லின் மேல் இறக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இறக்கினான். ஊஹூம்.

“அடியில என்ன அழுக்கு?” என்று லோரெய்ன் துண்டு நுனியால் ‘நிறுத்து’ என்ற சொல்லைத் துடைத்தாள். டக் என்றது, அடுப்பு உறுமிச் சிவந்தது.

வேறொன்றுமில்லை. மரத்தில் துளையைத் தவறான பக்கம் வெட்டியதால் திரையை அவன் தலைகீழாகப் பதிக்க நேர்ந்தது. படத்தை நிரலில் நிமிர்த்தியவன், தொடுகையை நிமிர்த்த மறந்தான். மேலே தொட்டால் கீழே தொட்டதாகப் பலகை எண்ணிக்கொண்டது.

ரேமண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். “மாப்ள, பின்னிட்டய்யா! நிறுத்துன்னா சூடு, சூடுன்னா நிறுத்து. ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி ஒட்டிடு, வா உள்ள போவோம்.”

லோரெய்னும், நேர்மையானவள், ஒப்புக்கொண்டாள். “சூடாவுதுல்ல? அது போதும். நீ ஜெயிச்சுட்ட, மேசை உனக்கே. தயவு செஞ்சு இனிமே அதுல கைய வைக்காத.”

கேட்டீர்களா! போர் முடிந்தது. சாம்ராஜ்யம் பிழைத்தது. ஆவி எழுப்ப அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் காய்ந்து மணந்தன. துண்டை உடுத்தி உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். புழுவுக்குக்கூட அவ்வளவு புத்தி இருக்கும். ஆனால் வீரனின் மீசை துடித்தது. “ஹெய்க்கினென் குலத்தோன் நிரலில், ‘நிறுத்து’ எனும் சொல் சூடு தருவதோ! வையம் நகையாதோ! ஒரே ஒரு வரி. ரெண்டே நிமிஷம்!” என்று கர்ஜித்து, யாரும் தடுக்குமுன் கம்பிகளைப் பிடுங்கினான். அடுப்பு அணைந்தது.

நிரலைத் திருத்தினான், உண்மையிலேயே சரியாகத் திருத்தினான். ஏற்றினான். செருகினான். எந்தக் கறுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. முன்பு எதனால் வென்றோம் என்பதே தெரியாதவனுக்கு இது எப்படித் தெரியும்? திரை வெளுத்தது. நிரலைப் பழையபடி மாற்றினான். வெளுத்தது. அந்த மார்தட்டிய வரியை அழித்தான், மறுபடி எழுதினான், இரண்டு முறை எழுதினான். கற்கள் ஆறின. டெலோரஸ் துண்டின் மேல் கோட்டை மாட்டினாள், கோட்டின் மேல் போர்வையை. “லோரெய்ன், ஏலக்காய் ரொட்டி இருக்குன்னியே, அதையாவது தின்னுட்டுக் கெளம்பறோம்டி. கால் மரத்துப்போச்சு” என்று அவள் பல் தாளமிடச் சொன்னாள். ரேமண்ட் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

லோரெய்ன் கையேட்டின் மேலிருந்த காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஏழுலகும் நடுங்க, எண்திசைக் களிறுகளும் மதமடங்க, சிவந்த கண்ணும் சிதறிய மயிருமாய், வெளுத்த திரையை நோக்கி வெஞ்சினம் உரைத்து, ‘இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே முறை’ என்று வீரன் விண்ணதிர முழங்கிக்கொண்டிருக்க, நிலவறையில் அட்டைப்பெட்டிகள் விரியும் சத்தம் கேட்டது.

ஃப்ரீசரின் ஒரு பக்கத்தை ரேமண்ட் பிடித்துக்கொண்டான், மறுபக்கத்தை ஆர்வோ பிடித்துக்கொண்டான்.