ஒரு பீடிக்கு ஒரு தலை

பங்காரு எடுத்த கத்தியைத் திரும்பவும் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டார்.

"உன் சம்சாரம் மாசமா கீதா?"

திருத்தணி மலைமேல், மொட்டை போடும் கொட்டகையில், தலையை நனைத்துக்கொண்டு, காடாக வளர்ந்த தாடியோடு உட்கார்ந்திருந்த கஜபதிக்குப் பொய் சொல்ல வரவில்லை. சாமி பக்கத்திலேயே இருக்கிறார்.

"ஆறு மாசம்," என்றான்.

"அப்போ எழுந்திரு. வயித்துல புள்ளை இருக்கசொல்ல புருசன் தலைல கத்தி வைக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்குத்தானே ரெண்டு பேரும் வந்துட்டுப் போனீங்க?"

"அத்தினி கூட்டத்துல என்னை ஞாபகம் வச்சிகினு கீறியே!"

"உன்னை யாரு வச்சா? உன் சம்சாரத்தைத்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த தலைக்குத் திரும்பினார் பங்காரு.

பீடியை விடுவதற்குக் கஜபதிக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். போன ஆடியில் மொட்டை போட்டுக்கொண்டு, 'இனிமேல் தொட மாட்டேன்' என்று முருகனிடம் சொல்லிவிட்டு இறங்கியவன், ஆறு மாதம் தொடவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பத்மா உண்டானதும் அதற்குப் பிறகுதான். 'புள்ளையைத் தூக்கறப்ப உன் வாயில பீடி நாத்தம் இருக்கக் கூடாது பாவா.' அவள் கேட்டது அவ்வளவுதான்.

போன வாரம் அரக்கோணம் பிளாட்பாரத்தில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். பக்கத்தில் இருந்தவர் ஒரு பீடி நீட்டினார். அன்று ஒன்று, மறுநாள் ஒரு கட்டு. மறுபடியும் மொட்டை போட்டு விட்டுவிடலாம் என்று மலை ஏறினான். மொட்டைத் தலையோடு வீட்டுக்குப் போனால் பத்மா என்ன கேட்பாள் என்பதை யோசிக்கவில்லை. யோசித்துச் செய்கிற ஆளாக இருந்தால் பீடியே பிடித்திருக்க மாட்டான்.

முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கி, பஜாரில் தான் வேலை பார்க்கும் லுங்கிக் கடைக்கு வந்தான். கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கும் கோதண்டபாணியிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"இதுக்கா அழுவுறே? என் தலை சும்மாதானே கீது. உனக்குப் பதிலா நான் போட்டுக்கறேன்."

"வேணாம்டா."

"உன் புள்ளைக்காக. நீ பேசாத இரு."

மறுநாள் காலை கோதண்டபாணி பளபளவென்று வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தான். கஜபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு சிநேகிதன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

மத்தியானம் கோதண்டபாணியின் அப்பா தடியோடு வந்தார். அவருடைய மகன் மொட்டை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பள்ளிப்பட்டிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையோடு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தவர் அவரே.

"நான் உசுரோட கீறேன்டா! யாருக்குடா மொட்டை?"

"நைனா, இது வேண்டுதல் நைனா!"

"என்னை அனுப்பறதுக்கா வேண்டிகினே?"

தன்னால் ஒரு நல்லவன் தடியடி வாங்கினானே என்று கஜபதிக்கு மனசு தாங்கவில்லை. மனசு தாங்காதபோது அவன் என்ன செய்வான் என்பது ஊருக்கே தெரியும். கிடங்குக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தான்.

பாதி பீடிக்குள் முதலாளி சடகோபன் வந்து நின்றார். துணிக் கடையில் நெருப்பு. அவர் போட்ட சத்தத்தில் கஜபதி ஆடிக் கிருத்திகையிலிருந்து ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான்.

சடகோபனுக்குச் சுருட்டை முடி. மேல்பையில் எப்போதும் சீப்பு இருக்கும். கடை நிலைக்கண்ணாடி வாடிக்கையாளர்களைவிட அவரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறது. அந்த மனிதர் மறுநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். துண்டை எடுத்தார். சுருட்டை இல்லை.

"மொதலாளி!"

"பத்து வருசமா இங்க நிக்கறே. துணியைத் தொட்டே எது கைத்தறி, எது பவர்லூம்னு சொல்ற ஆளு. உன்னை இருமி இருமிச் சாவ வுடுவனா? போய் வேலையைப் பாரு."

வேலை ஒன்றும் நடக்கவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கிக் கட்டோடு வந்தவர்கள் வாசலில் இரண்டு மொட்டைகளைப் பார்த்து, செருப்பைக் கழற்றி, "எப்போ ஆச்சு?" என்று மெதுவாக விசாரித்தார்கள். இரண்டு மொட்டைகளுக்கு நடுவில், பிள்ளை பிறக்கும்வரை சவரம்கூடச் செய்யக் கூடாதென்று விட்ட தாடியோடு கஜபதி இருந்தான். எல்லாரும் அவன் கையைத்தான் பிடித்துத் துக்கம் கேட்டார்கள்.

முதலாளியின் சுருட்டை முடியை நினைத்தான். கால் தானாகப் பெட்டிக் கடைக்குப் போயிற்று. ஒரு பீடி வாங்கி வாயில் வைத்தபோது எதிரே பத்மா நின்றாள். கையில் சோற்றுக் கேரியர்.

அவள் பீடியைப் பார்த்தாள். கடைக்குள் இரண்டு மொட்டைகளையும் பார்த்தாள். கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான். மொட்டைத் தலை குனிந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

"ஒரு பீடிக்கு ஒரு தலையா? அடுத்தது யாரு பாவா?" முழங்கால் வரை தொங்கிய பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். "இன்னும் ஒண்ணு பத்த வை. புள்ளை பொறந்த கையோட நான் போய் உட்காந்துடறேன்."

கஜபதி பதறிப் பின்னலைப் பிடிக்கப் போனான்.

"தொடாதே! பீடி புடிச்ச கை."

பீடி சாக்கடையில் விழுந்தது. அவன் கடைசியாக வாயில் வைத்த பீடி அதுதான்.

அப்புறம் மூன்று மாதம் அவனை யாரும் தனியாக விடவில்லை. டீக்கடைக்குக் கோதண்டபாணி கூடவே வந்தான். கை பீடிக்காகப் பையைத் தடவினால் சடகோபன் ஏலக்காய் எடுத்து நீட்டினார். கோதண்டபாணியின் அப்பாகூட ஒரு நாள் கடலைமிட்டாய் வாங்கி வந்து, "இத்தைக் கடிச்சிகினு இரு" என்று கொடுத்துவிட்டுப் போனார். இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று கஜபதிக்குத் தெரியவில்லை. சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. கையில் வாங்கியதும் அதன் முகத்தில் தைரியமாக மூச்சு விட்டான்.

தீட்டுக் கழிந்ததும் நன்றி சொல்ல மலை ஏறினான். பங்காருவின் முன்னால் உட்கார்ந்து, கத்தி ஓட ஓடக் கதை முழுவதையும் சொன்னான்.

"கோதண்டபாணியும் மொதலாளியும் தெய்வம் சாமி. ஆனா கடைசியா என்னை நிறுத்தினது பத்மா பின்னல்தான். அந்த முடி போயிடக் கூடாதேன்னுதான் வுட்டேன்."

கத்தி நின்றது.

"பின்னலா? அது சவுரியாச்சே சாமி! ஆடிக் கிருத்திகைக்கு நீ மொட்டை போட்டுகினு குளிக்கப் போனியே, அப்பவே உன் சம்சாரம், நீ பீடியை வுடணும்னு வேண்டிகினு, கழுத்தோட முடியைக் குடுத்துட்டு, முந்தானையில முடிஞ்சி வச்சிருந்த சவுரியை வச்சிப் பின்னிகினாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா, அந்த வருத்தத்துல நீ ஒரு பீடி புடிச்சிடுவியாம்."