அம்மன் எந்தக் கடையில் பட்டு எடுத்தாள்?

அன்புள்ள தங்கை தேவகிக்கு,

ஆரணியிலிருந்து அண்ணன் எல்லப்பன் எழுதுவது. நானும் உன் அண்ணி அபிதகுசாம்பாளும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். போளூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் பிள்ளை சுதாகரும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாற்பது வருஷம் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய கை, பேனாவையும் மூட்டை மாதிரிதான் பிடிக்கிறது. சில வரிகள் மேலே ஏறும், சில கீழே சரியும். நடுவில் இருக்கும் கறை டீ. இதை எழுதவே விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ ஐந்தாவது வரை படித்தவள், பொறுமையாகக் கூட்டிப் படித்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், எனக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் முதியோர் மாலை வகுப்பு டீச்சர் அகல்யா, வருகிற ஞாயிற்றுக்கிழமை 'கதை நடை' என்று ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்து, எங்கள் கடைத்தெருவில் நடந்தபடியே ஆரணியின் பழைய கதைகளைக் கேட்பார்களாம். நின்று கேட்க நிழலும் தண்ணீரும் வேண்டும் அல்லவா? அதனால் மூன்று பட்டுக்கடைக்காரர்களாவது வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் நடை, இல்லாவிட்டால் இல்லை. கதையை நானே எழுதி, நானே ஊரார் முன்னால் நின்று படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான்! படிப்பது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கையெழுத்து வாங்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

முதலில் அருணகிரி கடை. மாதிரிக்கு ஒரு கதை படித்துக் காட்டலாம் என்று வெள்ளை மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆற்றங்கரை மோகினிக் கதையைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவன் எதிரில் இருப்பவர்களைப் பார்க்க முடியுமா? 'தலை நிறைய மல்லிகை, கால் மட்டும் தரையில் படவில்லை' என்ற இடத்தில் நிமிர்ந்தால், எதிரே ஒரு கல்யாணப் பெண், முகூர்த்தப் பட்டைத் தோளில் போட்டபடி தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் அத்தை புடவையை உருவி மெத்தையில் போட்டுவிட்டு, வந்த பன்னிரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"பெரியவரே, இன்னா வேல பண்ணிட்டீங்க! முகூர்த்தப் பொடவ எடுத்துகினு இருக்கறச்ச மோகினியக் கூட்டியாந்து நிறுத்தறீங்களே!" என்று அருணகிரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மோகினிய வுட்டுத் தள்ளுங்க. ஆத்தங்கர அம்மன் பொம்பள ரூபத்துல பட்டு எடுக்க வந்தாளே, அந்தக் கதையப் படிக்கிறேன். அவ வந்தது உங்க கடைக்குத்தான்."

அவர் முகம் மாறியது. "நெசமாவா? எழுதிக் குடுங்க."

எழுதிக் குடுங்க! தேவகி, இந்த ஊரில் ஒருவரும் இதுவரை என்னிடம் சொல்லாத வார்த்தை. மில்லில் என்னிடம் எப்போதும் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத்தான் நீட்டினார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து, 'அம்மன் பட்டு எடுக்க வந்தது இந்தக் கடைக்கே' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

எதிர்க்கடை தசரதனோ, "கும்பலா வந்து வாசல்ல நின்னா யாவாரம் பேஜாராயிடும்ணே" என்றார். அருணகிரிக்குக் கேட்ட மருந்து இவருக்கும் கேட்டது. அதே வரியை எழுதினேன். பழக்கம் வந்துவிட்டதால் இரண்டாவது இன்னும் நன்றாக வந்தது. மூன்றாவது சசிகலா கடை. திறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அம்மன் வந்தது அந்தக் காலத்தில் ஆயிற்றே என்று எனக்கே இடித்தது. ஆனால் அந்த அம்மா, "ஏசி இல்லாத கடைக்கு அம்மன் எதுக்குப் போவாங்க, நீங்களே சொல்லுங்க" என்றது. நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன்.

நேற்று வியாழக்கிழமை பார்த்தால், அருணகிரி என் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு மாட்டியிருக்கிறார். தசரதன் லேமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். சசிகலா அதைப் பத்தடிக்குப் பெரிசாக்கி ஃபிளெக்ஸ் பேனராகவே கட்டிவிட்டது. உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த பேனரின் கீழே நின்று, ஒரு டீ ஆறிப்போகும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய்ப்பேச்சாக இருந்தால் நான் சொல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன். இந்த மாதிரி எழுத்து ஆரணியிலேயே ஒருவனுக்குத்தான் உண்டு. மூன்று பேரும் ஆளுக்கொரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"அம்மனுக்கு எத்தினி கடைய்யா?" என்றார் அருணகிரி.

"எங்க பேனருதான் பெரிசா இருக்குது, அதான் ஒரிஜினல்" என்றது சசிகலா.

"பேனரு அடிச்சா ஒரிஜினலாயிடுமா?" என்று தசரதன் எகிற, நான் கதவோரமாக ஒதுங்கினேன்.

உன் அண்ணி புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு வெளியே வந்தாள். "ஏம்பா, இத்தினி வருசமா பொடவ விக்கிறீங்களே, எவளாவது மொதக் கடையிலயே எடுத்துகினு போயிருக்காளா? அம்பது பொடவயப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, 'பாத்துட்டு வரேன்'னு அடுத்த கடைக்குப் போறதுதான பொம்பள? அம்மன் மட்டும் ஒரே கடையில எடுத்துடுவாளா? மூணு கடையும் ஏறித்தான் இருப்பா."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அப்பாடா என்று நான் சம்மதப் படிவத்தை நீட்டினேன். பேனாவைக் கையில் எடுத்த அருணகிரி, "சரி, கடைசில எங்க எடுத்தா?" என்று கேட்டாரே பார்க்கலாம். மறுபடி ஆரம்பித்துவிட்டது. கடைசியாகப் பட்டு எடுத்தது எங்கே என்று தீராமல் கையெழுத்துக் கிடையாது என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஆகவே தேவகி, நடை நடக்காது. யாராவது சொல்லக் கேட்டு நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடாதே. டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பேனோ தெரியவில்லை. இனி செத்தாலும் எந்தக் கடைக்கும் ஒரு வரி எழுதித் தர மாட்டேன், இது சத்தியம். மாப்பிள்ளைக்கு என் வணக்கம், சுதாகருக்கு ஆசீர்வாதம். ஆற்றங்கரை அம்மன் உங்களை நல்லபடி காப்பாற்றட்டும், என்னைக் காப்பாற்றுகிற மாதிரி வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன் எல்லப்பன்
(நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு டீச்சரே வந்துவிட்டார். உன் அண்ணி அவர்களிடம், "அவ இன்னும் எடுக்கவே இல்ல, பாத்துகினுதான் இருக்கா. எவ வந்து அம்பது பொடவயக் கலைச்சுட்டு எழுந்து போனாலும் மூஞ்சியச் சுளிக்காதீங்க, அவளா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீ ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு, நான் படிப்பதை நீ கேட்க வேண்டும். தபாலுக்கு நேரமில்லை, போளூர் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். சுதாகர் வேலை செய்யும் புடவைக்கடை முதலாளியிடம் கொடு. அம்மன் ஆரணிக்கு வருவதற்கு முன் போளூரில் ஏறிப் பார்த்தது அந்தக் கடையில்தான் என்று எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு கிடைக்கும். பலித்தால் அடுத்த வாரம் வெம்பாக்கத்துப் புடவைக்கடைக்கும் ஒன்று எழுதுவேன், உனக்கும் எழுதுவேன்.