ஃபைட்டர் மீனும் ஆறு நாள் கணக்கும்

இந்தத் தடவை குஞ்சுகள் நீந்தியே ஆக வேண்டும் என்று சவுரிமுத்து முடிவு செய்துவிட்டார்.

லேத் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் நின்று ஓய்வு பெற்று, பீர்க்கன்கரணையில் வீட்டோடு இருப்பவர். அளவு ஒரு நூல் பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவரை விரல் நீள ஃபைட்டர் மீன் மூன்று தடவை தோற்கடித்திருந்தது. முதல் தடவை முட்டைகளைத் தாய் தின்றது. இரண்டாம் தடவை, நீந்தத் தொடங்கிய குஞ்சுகளைத் தகப்பன் தின்றது. மூன்றாம் தடவை தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார் உறிஞ்சித் தின்றது. எல்லாம் நோட்டில் இருந்தது: முட்டை நூற்றுப் பத்து, எழுபத்திரண்டு, தொண்ணூற்றாறு. எதிரே, பிழைத்தது பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு நீந்தும் வரை ஆறு நாள். அந்த ஆறு நாளும் தொட்டியை விட்டு நகரக் கூடாது.

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டாங்குளத்தூரில் மைத்துனர் சின்னப்பனின் மகள் அனுப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்துக்கு மூத்தவர் என்று இவரை மேடையேற்றி, மைக்கில் வாழ்த்தச் சொல்வார்கள். சவுரிமுத்துவுக்குப் பக்கத்து வீட்டில் மணி கேட்கவே கூச்சம். மகன் ஜோஷ்வாவின் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. "ஒன், டூ, த்ரீ" என்று மைக்கைச் சோதிப்பதுபோல் சோதித்துவிட்டு இறங்கிவிட்டார்.

ஆகவே யோசித்துத்தான் செவ்வாய்க்கிழமை மாலை ஜோடியைத் தொட்டியில் சேர்த்தார். புதன் காலை, ஆண் மீன் ஊதிக் கட்டிய நுரைக்கூட்டில் தொண்ணூற்றோரு முட்டை. ஆறு நாள் என்றால் அடுத்த செவ்வாய். ஞாயிறு வசமாக நடுவில் மாட்டிக்கொண்டது.

"தனம், ஞாயித்துக்கிழம நான் வரல" என்றார் மனைவியிடம்.

"இன்னாத்துக்கு?"

"முட்டை வுட்டுக்கீது."

"முட்டை வுட்டது பொம்பள மீனு. நீங்க இன்னாத்துக்குப் பத்தியம் இருக்கீங்க?"

"பொம்பளைய எடுத்துட்டேன். கீழ வுழற முட்டைய வாயில கவ்வி, கூட்டுல வெச்சுக் காவல் காக்கறதெல்லாம் ஆம்பளதான்."

"அய்ய! நீங்க பெத்த புள்ளைக்கு ஒரு நாளு தல வாரி வுட்டதில்ல. சரி, அந்த ஆம்பள தொட்டில கீது. இந்த ஆம்பளைக்கு இன்னா வேல?"

"குஞ்சு நீந்துன உடனே தகப்பன வெளிய எடுக்கணும். லேட்டானா மொத்தத்தையும் முழுங்கிடும். ஒரு தபா பாத்தல்ல?"

"அப்போ குஞ்சு நீந்தி, ஆம்பளைய எடுத்துட்டா வருவீங்களா?"

"தாராளமா. மாதா மேல சத்தியம். அதுக்கப்புறம் நீ எங்க கூப்ட்டாலும் வரேன்."

தனம் சண்டை போடவில்லை. பீரோவுக்கு மேலிருந்து பழைய கம்பளியை இறக்கித் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள்.

"ஜனவரிக் குளுரு. நமக்கே பல்லு தந்தி அடிக்குது. வாயில்லா ஜீவன் இன்னா பண்ணும்?"

சவுரிமுத்து தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சு இளகிவிட்டது. நோட்டை எடுத்து, 'தனம் மனம் மாறினாள்' என்று எழுதித் தேதி போட்டார்.

வியாழன் மாலையே முட்டைகளில் வால் தொங்கியது. நோட்டின்படி அது வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மீனிலும் முந்திரிக்கொட்டைகள் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை தனம் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கு?"

"பீரோவுக்கு. சும்மா கசங்கிக் கெடக்குது."

ஞாயிறு காலை ஆறு மணி. சவுரிமுத்து கம்பளியை விலக்கினார். வால் கீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புள்ளிகள் எல்லாம் படுக்கை வாட்டில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் எண்பத்து நாலு. தகப்பனை டம்ளரில் பிடித்து வெளியே எடுத்தார்.

"தனம்! நீந்துது! எண்பத்து நாலு! ஏழுதான் போச்சு!"

தனம் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் முழம் மல்லிகை.

"ஆம்பளைய வெளிய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்!"

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்று இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள். "ஆட்டோ வாசல்ல நிக்குது."

சவுரிமுத்து நோட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு நாலாம் நாளுதானே? ஆறு நாளு ஆவணுமே!"

"குளுருல ஆறு. இட்லி மாவக்கூடச் சும்மா வெச்சா மறுநாளு மத்தியானம்தான் பொங்கும். அடுப்பாண்ட வெச்சா வெடியறதுக்குள்ள வழியும். முட்டை மட்டும் கேலண்டர் பாத்தா பொரிக்கும்?"

கடைசி ஆயுதத்தை எடுத்தார் அவர். "தீனி? நாலு மணி நேரத்துக்கு ஒரு தபா தீனித் தண்ணி வுடணுமே…"

"அஞ்சு சொட்டு" என்றது வாசலில் ஒரு குரல். மாடிவீட்டு நர்ஸ் ஏஞ்சல் சொட்டு மருந்துக் குழாயோடு நின்றிருந்தாள். "அக்கா நேத்தே சொல்லிக் குடுத்துட்டாங்க அங்கிள். எனக்கு இன்னிக்கு லீவுதான். ஆஸ்பத்திரில டிரிப்ஸ் சொட்டு எண்ணறவளுக்கு இது ஒரு கணக்கா?"

அவள் சொட்டு விடுவதை நின்று பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது விழவில்லை. குற்றம் சொல்ல வழியில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோ பெருங்களத்தூரைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்: "தனம், மேடையில நான் இன்னா பேசறது?"

"உங்கள யாரு பேசச் சொன்னது? குஞ்சு பொழைக்க வெக்கறது எப்படின்னு நான் பேசறேன். எத்தினின்னு கேட்டா மட்டும் நீங்க சொல்லுங்க."