ரோஸ் கலர் பாட்டும் ஜெகனின் கட்டைவிரலும்

கூட்டாகச் செய்கிற எந்த வேலையிலும் "எல்லாரும் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்பதற்கென்றே ஒருத்தன் இருப்பான். வேறு எதுவும் தெரியாதவனைத்தான் அந்தப் பதவியில் வைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் அது நான். (பன்னிரண்டாவது வரை போனேன். போனேன் என்றுதான் சொன்னேன்.)

சர்ச் திரையில் பாட்டு வரிகளைக் காட்டும் இலவச மென்பொருள் எங்களுடையது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். பாட்டுகள் திருவேற்காட்டு ஜெகன் பொறுப்பு. திரையின் எழுத்தும் நிறமும் ஆவடி ஸ்டெல்லா அக்கா பொறுப்பு. இரண்டும் சேர்ந்து தயாரானதும் புதுப் பதிப்பை வெளியிடுவது நான். வெளியிட்டால் சர்ச் கம்ப்யூட்டர்கள் தானாகவே அதை இழுத்துக்கொள்ளும்.

மேனாம்பேட்டு சர்ச்சில் என் தங்கை மெர்சிக்குக் கல்யாணம்.

"அண்ணா, நான் உள்ள நடந்து வர்றப்ப பாட்டு ரோஸ் கலர்ல பெருசா வரணும். மாப்ள ஊட்டு ஆளுங்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது. பார்த்துதான் பாடுவாங்க."

"வரலைன்னா நான் உனக்கு அண்ணனே இல்ல!"

ஸ்டெல்லா அக்கா ரோஸ் கலரை முடித்துவிட்டார். கல்யாணத்தன்று காலை, வேட்டி கட்டிக்கொண்டே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: "பாட்டெல்லாம் புதுத் திரைக்கு மாத்தியாச்சா? வெளியிடலாமா?" ஜெகனிடமிருந்து தூக்கிய கட்டைவிரல் படம் வந்தது.

உடனே அக்கா போன் செய்தார். "டேய், அவன் வெரல நம்பாத. வாயால கேளு."

"அக்கா, கல்யாண ஊட்ல ஆயிரம் வேலை கீது!" என்று சொல்லி வெளியிட்டுவிட்டேன்.

ஆர்கன் முழங்கியது. மெர்சி வாசலில் காலடி வைத்தாள். திரையில் ரோஸ் கலரில், பெரிதாக, அழகாக வந்தது:

"மாமே, இங்க பாட்டு வரும்."

மாப்பிள்ளை வீட்டார் பணிவான மனிதர்கள். திரையில் இருப்பதை அப்படியே இழுத்துப் பாடினார்கள். அடுத்த வரி: "மாமே, இங்கயும் வரும்." மாப்பிள்ளையின் சித்தப்பா அதற்கு இரண்டாம் குரல் சேர்த்தார்.

தூணுக்குப் பின்னால் ஓடி ஜெகனுக்குப் போன் போட்டேன். ஐயா அப்போதுதான் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார்.

"இன்னாடா பண்ணி வச்சிகீற?"

"அது சும்மா எடத்த அடைக்கப் போட்டது மச்சான். பாட்ட நாளைக்குத்தான் மாத்தலாம்னுகீறேன்."

"அப்ப இன்னாத்துக்குடா வெரலு?"

"மெசேஜ பார்த்துட்டேன்னு போட்டேன். நீ பல்லு வெளக்கிட்டேன்னு போட்டாலும் போடுவேன்."

பழைய பதிப்பைத் திரும்பப் போட நெட் இழுக்கவில்லை. விடுவேனா? மைக்கைப் பிடுங்கினேன். வீட்டில் மெர்சி பாடிப் பாடி எனக்கு மனப்பாடமான பாட்டு அது. ஒவ்வொரு வரியாக நான் கத்த (என் குரல் லேத்தில் இரும்பு கடைவது போல இருக்கும்), கூட்டம் திருப்பிப் பாடியது.

பாதி வழியில் நின்ற மெர்சியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். முக்காட்டை விலக்கினாள், சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, மொதல்லேர்ந்து!" என்று சொல்லி, திரும்ப வாசலுக்குப் போய், மறுபடி நடந்து வந்தாள்.

இப்போதெல்லாம் ஜெகன் போனில் "முடிச்சிட்டேன்" என்று வாயால் சொல்லாமல் நான் எதையும் வெளியிடுவதில்லை. அந்த இரண்டு வரியையும் அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தடை வந்துவிட்டது. மெர்சியின் கொழுந்தன் கல்யாணத்தில் மணப்பெண் அந்த "மாமே" வரிகளுக்குத்தான் நடந்து வந்தாள். சித்தப்பா தனியாக ஒத்திகையே பார்த்தாராம்.