இடப்பக்க சீட்டின் எடை

மனித நாகரிகம் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்று தொடங்கி, கொண்டாப்பூர் ரகுநாதன் ஒரு காரின் பின் சீட்டைக் கழற்றிய அன்று முழுமை பெற்றது. இதை மறுப்பவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள்.

ரகுநாதன் மென்பொருள் கம்பெனி மேனேஜர். ஊருக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில், மாதம் ஒரு ஞாயிறு சாமானியர்களும் சொந்தக் காரைப் பறக்க விடலாம் என்ற செய்தி நாற்பத்தாறாவது வயதில் அவரை எட்டியது. உடனே ‘சிக்கனக் கார் தேர்வு உயர்மட்டக் குழு’ உருவாயிற்று. உறுப்பினர்கள் இருவர்: ரகுநாதன், அவரிடம் வேலை பார்க்கும் கிரி. கிரி ரேஸ் ஓட்டியதில்லை. ஆனால் ரேஸ் வீடியோ பார்ப்பதில் பதினோரு வருட அனுபவம்.

குழு ஆறு வாரம் கூடியது. முப்பத்திரண்டு கார்கள், பத்தொன்பது அளவுகோல்கள், கணக்கில்லாத கோப்பை இரானி சாய். முடிவில் ஒரு சின்னக் கார் ஒருமனதாகத் தேர்வாயிற்று. விலை: பூஜ்யம். இருப்பிடம்: அபார்ட்மெண்டின் கீழ்த்தளம். உரிமையாளர்: ரகுநாதனின் மனைவி ஜலஜா.

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த ஜலஜா, எட்டு வருடமாக அந்தக் காரில்தான் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.

“நக்கோ! வேணவே வேணாம்! நான் எதுல போறது?”

“ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரேஸ் கார். மத்த நாளெல்லாம் உன் கார்தான், ஜலஜா.”

‘எடைக் குறைப்பு இயக்கம்’ தொடங்கியது. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பீக்கர் எல்லாம் போயின. ஏ.சி.யைப் பிடுங்கிய அன்று வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கிரி தராசில் வைத்து, “எழுபது கிராம் சார்” என்றான். பிள்ளையாரும் இறங்கினார். ஒவ்வொன்றும் ‘அனாவசிய எடை’ என்ற பட்டியலில் ஏறியது. ரகுநாதனின் தொண்ணூற்றெட்டு கிலோ மட்டும் அதில் ஏறவில்லை. அது நிர்வாகம்.

டிரைவர் சீட் மாறியது. புதிய ரேஸ் சீட் ரகுநாதனின் கால் அளவுக்கு அசையாமல் முடுக்கப்பட்டதால், ஜலஜாவின் கால் கிளட்சை எட்டவில்லை. ஆக, மத்த நாளும் அது ரேஸ் கார்தான்.

“இடப்பக்க சீட்டையாவது விட்டு வையுங்க” என்றாள் ஜலஜா. “காலையில நீங்க கொண்டுபோய் விடலாம்.”

“சத்தியமா தொட மாட்டேன்.”

மூன்றாம் நாள் கிரி வந்தான். “சார், அந்தச் சீட்டு பதினாலு கிலோ. மனசைக் கல்லாக்கிக்கணும்.”

“கல்லு எடை ஜாஸ்தியாச்சே, கிரி.”

சீட் பால்கனிக்குப் போயிற்று. ஜலஜா இரண்டு பஸ் மாறி ஜீடிமெட்லா போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ரகுநாதன் அதைக் ‘குடும்ப ஒப்புதல்’ என்று பதிவு செய்தார்.

அந்தப் பொன்னான ஞாயிறும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் வெந்துகொண்டிருந்த ரகுநாதனை டிராக் அதிகாரி எட்டிப் பார்த்தார்.

“முதல் தடவையா சார்?”

“ஆமாம்” என்றார் ரகுநாதன், வரலாற்றுக்குக் கேட்கட்டும் என்று.

“அப்போ எங்க பயிற்சியாளர் பக்கத்துல உட்கார்ந்து வரணும். எங்கே உட்காருவார்?”

இடப்பக்கம் நான்கு போல்ட் ஓட்டைகள் இருந்தன.

“விதிமுறையில மூணாம் பக்கத்துல போட்டிருக்கே சார்!” என்றார் அதிகாரி.

ரகுநாதன் கூட வந்திருந்த கிரியைப் பார்த்தார். “படிச்சாச்சுன்னியேப்பா?”

“முதல் பக்கம் படிச்சேன் சார். மத்தது அனாவசியம்னு...”

ரகுநாதன் போனை எடுத்தார். “ஜலஜா, பால்கனியில சீட்டு இருக்குல்ல? உடனே எப்படியாவது அனுப்பி வை. பன்னெண்டுக்குள்ள வரலேன்னா என்னை ஓட்ட விட மாட்டாங்க!”

“அதுலதாங்க உட்கார்ந்து காபி குடிக்கிறேன்.”

“கொஞ்சம் எழுந்திரேன்!”

“என் கார்ல எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். எழுந்திருக்க மாட்டேன்.”

“சரி, நீயும் கூடவே வந்துடு. அடுத்த தடவை நீதான் பக்கத்துல உட்கார்ற.”

“எதுல வர்றது?” என்றாள் ஜலஜா.

பத்தொன்பது அளவுகோல்களில் அந்தக் கேள்வி இல்லை.